உரிமக் கட்டணம் நின்ற பிறகு அந்த வேலை யார் மேசையில்? சிங்கப்பூர் அலுவலகங்களும் திறந்த மூல மென்பொருளும்

ஊபியில் 30 பேர் வேலை செய்யும் ஒரு சரக்கு நிறுவனத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அலுவலக மென்பொருளுக்கு ஆளுக்கு மாதம் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சந்தா என்று வைத்தால், ஆண்டுக்கு 5,400 வெள்ளி. லிப்ரேஆஃபிஸ் என்ற இலவசத் தொகுப்பைப் போட்டால் இது முழுவதும் மிச்சம் என்று முதலாளிக்குத் தோன்றும். அதே நிறுவனத்தின் ஐடி ஊழியருக்குச் சம்பளம் 5,000 வெள்ளி. முதலாளி கட்டும் மத்திய சேம நிதி (மசேநி) 17 விழுக்காட்டைச் சேர்த்தால் மாதம் 5,850. புது மென்பொருள் கிளப்பும் கேள்விகளுக்கும் கோளாறுகளுக்கும் அவர் வாரத்தில் ஒரு நாள் செலவிட்டால் அந்த நேரத்தின் விலை மாதம் 1,170, ஆண்டுக்கு 14,040 வெள்ளி. 5,400 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் அதைப்போல் இரண்டரை மடங்கு செலவாகிறது. 200 பேர் இருக்கும் இடத்தில் சந்தாவே 36,000 வெள்ளி. அங்கே வாரத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினாலும் 28,080தான். மென்பொருள் அதேதான், தலைக்கணக்கு மாறியதும் முடிவும் மாறிவிடுகிறது.

திறந்த மூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள், வேலையிடங்களில் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். உரிமக் கட்டணம் என்ற ஒற்றை வரிக்குள் பல வேலைகளுக்கான கூலி அடங்கியிருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தயாரித்து அனுப்புவது, சட்டம் மாறினால் கணக்கு முறையை மாற்றுவது, தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்வது, தவறு நடந்தால் ஒப்பந்தப்படி பொறுப்பேற்பது எல்லாம் அதில் உண்டு. எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் என எந்தத் திறந்த மூல உரிமத்தைப் படித்தாலும் மென்பொருள் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, உத்தரவாதம் இல்லை என்ற வாசகம் இருக்கும். கட்டணம் நின்றதும் அந்த வேலைகள் அலுவலகத்துக்குள் வந்து யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்துகொள்கின்றன. யார் மேசை என்று முன்கூட்டியே முடிவு செய்யாததுதான், நன்றாகத் தொடங்கிய முயற்சிகள் பிறகு தள்ளாடுவதற்கு முதல் காரணம்.

கோப்பு வெளியே போய்த் திரும்பும்போது

சிங்கப்பூருக்கு இது புதிதல்ல. 2004லேயே தற்காப்பு அமைச்சு 5,000 கணினிகளில் ஓப்பன்ஆஃபிஸை நிறுவியது. அதிலிருந்து 2010ல் பிரிந்து வளர்ந்ததுதான் இன்றைய லிப்ரேஆஃபிஸ். அது பயன்படுத்தும் ஓடிஎஃப் கோப்பு வடிவம் 2006ல் ஐஎஸ்ஓ தரமானது. மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் 2008ல் அதே தகுதி பெற்றது. இரண்டும் தரம்தான். ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஏதாவது உதிர்கிறது. கடிதத்துக்கும் கொட்டேஷனுக்கும் பெரிய பாதிப்பு இராது. யார் எதைத் திருத்தினார் என்று காட்டும் டிராக் சேஞ்சஸ், ஓரக் குறிப்புகள், பல அடுக்கு எண்ணிடல், உரைப்பெட்டிகள் ஆகியவைதான் குலையும். வழக்கறிஞர் அலுவலகத்தோடு நான்கு முறை கைமாறும் ஒப்பந்தத்தில் 7.2.1 என்ற உட்பிரிவு 7.3 ஆகிவிட்டால் அது மென்பொருள் கோளாறோடு நிற்காது, சட்டச் சிக்கலாகிவிடும். ஆகவே வெளியாரோடு சேர்ந்து திருத்தும் ஆவணத்தை முதல் வரைவிலிருந்து கடைசி வரைவு வரை ஒரே மென்பொருளில் வைத்திருங்கள். வெளியே போகும் இறுதி வடிவம் பிடிஎஃப் ஆக மட்டும் போகட்டும்.

பக்கம் குலைவதில் பெரும் பங்கு எழுத்துருவுக்கு உண்டு. காலிப்ரியும் கேம்ப்ரியாவும் மைக்ரோசாஃப்டுக்கு உரியவை, லினக்ஸில் இருக்காது. அவற்றின் எழுத்து அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி செய்யப்பட்டவை கார்லிட்டோவும் கலாடியாவும். ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள் உண்டு. இந்த நான்கையும் எல்லாக் கணினிகளிலும் முதல் நாளே நிறுவிவிட்டால் வரி உடையும் இடங்கள் பெரும்பாலும் நகராது. தமிழுக்கு அந்த வசதி இல்லை. விண்டோஸின் லதா எழுத்துருவில் தட்டச்சு செய்த சுற்றறிக்கையை நோட்டோ சான்ஸ் தமிழில் திறந்தால் எழுத்து அகலம் மாறி, கையெழுத்து இடும் வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். தமிழில் கடிதம் அனுப்பும் அலுவலகங்கள் தங்கள் டெம்ப்ளேட்டுகளை முதலில் நோட்டோவுக்கு மாற்றி, விண்டோஸ் கணினிகளிலும் அதே எழுத்துருவைப் போட்டுவிட வேண்டும். அது இலவசம், இரு தளங்களிலும் ஓடும்.

பழைய தமிழ்க் கோப்புகள் இன்னொரு தலைவலி. கோயில்கள், சங்கங்கள், அச்சகங்கள் வைத்திருக்கும் 1990களின் உறுப்பினர் பட்டியல்களும் மலர்களும் யூனிகோடுக்கு முந்திய குறியாக்கங்களில் இருக்கும். குறியாக்கத்தை ஒருமைப்படுத்த வேண்டும் என்று தமிழ்நெட் 97 மாநாடு கூடிப் பேசியது இதே ஊரில்தான். டிஸ்கியிலோ பாமினியிலோ உள்ள கோப்பை உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் சிதறிக் கிடக்கும். எந்த அலுவலக மென்பொருளும் இதைத் தானாகச் சரிசெய்யாது. பைத்தான் மொழிக்கான ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இந்தக் குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. மாற்றிய பின் கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கிறதா என்று மாதிரிக்குச் சில பக்கங்களைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றும்தான் அதிகம் ஏமாற்றும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான சுவர் எக்செல். பகிர்வு டிரைவில் எக்ஸ்எல்எஸ்எம் என்று முடியும், மேக்ரோ எனப்படும் சிறு நிரல் அடங்கிய கோப்புகளை எல்லாம் தேடி, கடந்த 12 மாதங்களில் திறக்கப்பட்டவற்றை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைப் பயன்படுத்துகிறவர் பெயரை எழுதுங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை மாற்றத் தேதியை அறிவிக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் விபிஏ மொழியில் எழுதிய எளிய மேக்ரோக்கள் லிப்ரேஆஃபிஸின் விரிதாளான கால்க்கில் ஓடும். பயனர் படிவங்களும் அவுட்லுக்கை அழைக்கும் மேக்ரோக்களும் பெரும்பாலும் ஓடாது. எக்செலின் தரவுக் கருவிகளான பவர் குவெரி, பவர் பிவட் ஆகியவை கால்க்கில் இல்லை. வெளியிலிருந்து வரும் டெம்ப்ளேட்டுகளையும் மறக்கக் கூடாது. மொத்தச் சம்பளப் பட்டுவாடாவுக்கு வங்கி தரும் எக்செல் தாளுக்குள் மேக்ரோ இருந்தால் அதைத் திருத்தும் உரிமை உங்களுக்கு இல்லை. கணக்குப் பிரிவில் மூன்று இருக்கைகளுக்கு எக்செலை விட்டுவைப்பதை யாரும் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. மற்ற 27 பேர் மாறினால் அதுவே பெரிய மாற்றம்.

ஜனவரி 1 என்ற சோதனை

இந்த ஊரில் திறந்த மூல நிறுவன மென்பொருள்கள் மிகவும் தடுமாறும் இடம் சம்பளமும் வரியும். ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்றவை சரக்கிருப்பு, கொள்முதல், விற்பனை ஆகியவற்றைச் சிறப்பாகக் கையாளுகின்றன. உலகெங்கும் அந்த வேலைகள் ஏறக்குறைய ஒன்றே. மசேநி அப்படியல்ல, அது சிங்கப்பூருக்கே உரியது, ஆண்டுதோறும் மாறுவது. மசேநி கணக்கிடும் சாதாரண மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2023 செப்டம்பரில் 6,300 வெள்ளி, 2024 ஜனவரியில் 6,800, 2025ல் 7,400, 2026ல் 8,000. 55 வயதைத் தாண்டிய ஊழியர்களின் விகிதங்களும் 2022 முதல் ஜனவரி 1 தோறும் உயர்ந்து வந்திருக்கின்றன. நிரந்தரவாசியான முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விகிதம் வேறு. இவற்றை நிரலுக்குள் எண்ணாக எழுதிவைத்த ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டால், அடுத்த ஜனவரியில் எல்லாருடைய சம்பளச் சீட்டும் தவறாகும்.

தவறு பெரிய தொகையில் வந்தால் உடனே தெரியும். ஒரு வெள்ளியில் வந்தால் தெரியாது. மசேநி கழகத்தின் விதிப்படி, மொத்தச் சந்தாவை அருகிலுள்ள முழு வெள்ளிக்குக் கொண்டுவர வேண்டும், ஊழியரின் பங்கில் காசை விட்டுவிட வேண்டும், முதலாளியின் பங்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். 55 வயதுக்கு உட்பட்ட ஒருவரின் சம்பளம் 3,018 வெள்ளி என்று கொள்வோம். மொத்தம் 37 விழுக்காடு 1,116.66, முழுமையாக்கினால் 1,117. ஊழியர் பங்கு 20 விழுக்காடு 603.60, காசை விட்டால் 603. முதலாளி கட்ட வேண்டியது 514. வெளிநாட்டில் எழுதப்பட்ட பொதுவான சம்பளப் பகுதி 17 விழுக்காட்டைத் தனியே கணக்கிட்டு 513.06 என்று எடுத்து 513 ஆக்கும். 40 பேருக்கு இப்படிச் சில ஒற்றை வெள்ளிகள் விலகினால் கணக்காளர் மாதக் கடைசியில் அவற்றைத் தேடி உட்கார வேண்டியதுதான். சந்தாவை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தாமதமானால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி ஏறும் என்பதால் தேடுவதற்கு நேரமும் குறைவு.

இதோடு சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் நிதியும் உண்டு. இந்திய ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் வருமானத்துக்கு ஏற்ப மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை பிடிக்கப்படுகிறது. சீன, மலாய், யுரேசிய ஊழியர்களுக்கு வேறு நிதிகள், வேறு படிநிலைகள். திறன் மேம்பாட்டுத் தீர்வை 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி, அதிகம் 11.25 வெள்ளி. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் ஊழியர் வருமான விவரத்தை மார்ச் 1க்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு மின்னிலக்க முறையில் அனுப்பியாக வேண்டும். இத்தனையும் சேர்ந்த ஒரு பகுதியைச் சொந்தமாக எழுதி ஆண்டுதோறும் பராமரிப்பதைவிட, சம்பளத்துக்கு மட்டும் உள்ளூர்ச் சேவை ஒன்றுக்குப் பணம் கட்டி, அதன் மாதத் தொகையைத் திறந்த மூலக் கணக்குப் பகுதிக்குள் ஒரே பதிவாக எடுத்துக்கொள்வது 50 பேருக்குக் கீழ் உள்ள நிறுவனத்துக்குப் பாதுகாப்பானது.

சொந்தமாகத்தான் செய்வோம் என்றால் இரண்டு கட்டாயங்கள். விகிதங்களை நிரலில் எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற நெடுவரிசையோடு தனி அட்டவணையில் வையுங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 54, 57, 63, 67 வயதுள்ள நால்வர், முதலாண்டு நிரந்தரவாசி ஒருவர், போனஸ் வாங்கும் ஒருவர் என ஆறு மாதிரிகளுக்கு ஜனவரிச் சம்பளத்தை ஓட்டி, மசேநி கழகத்தின் இணையக் கணிப்பானோடு ஒப்பிடுங்கள். ஆறும் வெள்ளிக்கு வெள்ளி பொருந்தும்வரை சம்பளம் போடக் கூடாது.

பொருள் சேவை வரியிலும் இதே பாடம்தான். 2007 முதல் 7 விழுக்காடாக இருந்தது 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9 என உயர்ந்தது. விகிதத்தை நேராகத் திருத்தி எழுதிய நிறுவனங்களில், 8 விழுக்காட்டில் போட்ட பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட் எழுதும்போது மென்பொருள் 9 விழுக்காட்டைத் திருப்பித் தரும். ஒவ்வொரு விகிதத்துக்கும் தனி வரிக் குறியீடு உண்டாக்கி, பழையதை நீக்காமல் புதிய பில்லுக்கு மட்டும் மூடிவைப்பதே முறை. ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் அந்தப் பழைய குறியீடுகள் அதுவரை படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இன்வாய்ஸ்நவ் என்ற மின்பில் கட்டமைப்பு இன்னொரு படி. புதிதாகத் தொடங்கப்பட்டுத் தானாக முன்வந்து பொருள் சேவை வரிக்குப் பதியும் நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் 1 முதலும், தானாக முன்வந்து புதிதாகப் பதியும் அனைவருக்கும் 2026 ஏப்ரல் 1 முதலும் பில் விவரத்தை இந்தக் கட்டமைப்பு வழியாக வருவாய் ஆணையத்துக்கு அனுப்புவது கட்டாயம். அதன் அடிப்படை பெப்போல் என்ற திறந்த தரம். பெப்போல் செய்தியை அனுப்பும் திறந்த மூல நிரல்களும் இருக்கின்றன. ஆனால் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற இணைப்புச் சேவை வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். நிரலை இறக்கிக்கொண்டாலும் அங்கீகாரத்தை இறக்கிக்கொள்ள முடியாது. நிறுவன மென்பொருளை (ஈஆர்பி) தேர்ந்தெடுக்கும் முன்பே எந்த இணைப்புச் சேவையோடு அது ஏற்கெனவே பேசுகிறது என்று கேட்டுவிடுங்கள்.

ஏறாமல் விட்ட படிக்கட்டு

நிறுவுவது அரை நாள் வேலை. அதை உயிரோடு வைத்திருப்பது ஆண்டு முழுவதும். கோப்புப் பகிர்வுக்கு நெக்ஸ்ட்கிளவுட் போடுகிறவர்கள் பலர். அதில் பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய ஓராண்டுதான் பராமரிப்பு. இரண்டு ஆண்டு சும்மா விட்டால் ஐந்தாறு படி ஏற வேண்டியிருக்கும், இடையில் ஒரு படி, அது ஓடத் தேவையான பிஎச்பி நிரல்மொழியின் பழைய பதிப்பை ஏற்காது, அடுத்த படி புதிய பிஎச்பியை ஏற்காது. சனிக்கிழமை காலையில் தொடங்கும் வேலை திங்கள் காலையிலும் முடியாமல் கிடப்பது இதனால்தான். ஓடூவில் ஆண்டுக்கு ஒரு பதிப்பு வருகிறது, கடைசி மூன்றுக்குத்தான் ஆதரவு. கட்டணப் பதிப்புக்குத் தரவுத்தளத்தை ஏற்றித் தரும் சேவை உண்டு. இலவசமான கம்யூனிட்டி பதிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் தன்னார்வலர்களின் ஓப்பன்அப்கிரேட் திட்டத்தை நம்பியிருக்க வேண்டும், நீங்கள் எழுதிச் சேர்த்த ஒவ்வொரு பகுதியையும் நீங்களே ஏற்ற வேண்டும். முழுமையான கணக்கியல் பகுதியும் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. டெமோவில் பார்த்தது எந்தப் பதிப்பு என்று கேட்காமல் முடிவெடுத்தவர்கள் இதைப் பிறகே கண்டுபிடிக்கிறார்கள்.

ஆதரவு முடியும் தேதி அறிவித்தபடியே நிற்கும் என்றும் நம்பிவிட முடியாது. சர்வர்களில் ஓடும் லினக்ஸ் தளமான சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை பராமரிப்பு என்றிருந்தது. 2020 டிசம்பரில் அது 2021 கடைசியோடு முடியும் என்று அறிவித்தார்கள். அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் 2021லேயே அந்த இடத்தை நிரப்பியதால் பெரும்பாலானவர்கள் தப்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் நிரலை எடுத்துத் தொடரலாம் என்ற உரிமை இருந்ததால்தான் அது சாத்தியமானது. மூடிய மென்பொருளில் கடை மூடினால் மூடியதுதான். திறந்த மூலத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பாதுகாப்பில் மிகக் கசப்பான பாடம் 2021 டிசம்பரில் வந்தது. ஜாவா நிரல்களில் பதிவேடு எழுதும் லாக்4ஜே என்ற சிறு நூலகத்தில் ஓட்டை, அபாய அளவுகோலில் பத்துக்குப் பத்து. மூன்று வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு திருத்தங்கள் வந்தன. ஆனால் பல நிறுவனங்களுக்குத் தங்களிடம் லாக்4ஜே இருக்கிறதா என்பதே தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் வயிற்றுக்குள்ளும் அது இருந்தது. அப்போது கைகொடுத்தது உறுப்புப் பட்டியல். சிஃப்ட் போன்ற இலவசக் கருவி சர்வரிலோ கன்டெய்னரிலோ உள்ள ஒவ்வொரு நூலகத்தையும் பதிப்பெண்ணோடு எழுதித் தரும், கிரைப் அல்லது ட்ரிவி அந்தப் பட்டியலை அறியப்பட்ட ஓட்டைகளோடு ஒப்பிடும். மாதம் ஒரு முறை தானாக ஓடும்படி வைத்தால் போதும். பட்டியலைப் படித்து முடிவெடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் மறுபடியும் நம் கேள்வி. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸில் 2017ல் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் போனது அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறந்த மூலக் கட்டமைப்பின் ஓட்டை வழியாகத்தான். திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது, திருடர்கள் தகவலுக்குள் நுழைந்தது மே மாதத்தில்.

இங்கே அப்படி நடந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்டதிலிருந்து மூன்று நாள்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை போகலாம். சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் ஒரு கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனத்துக்கு அந்த வருவாயில் 10 விழுக்காடு வரை. ‘அது இலவச மென்பொருள், எங்களுக்குத் தெரியாது’ என்ற பதில் எடுபடாது. சொந்த சர்வரில் வைப்பது என்றால் பாதுகாக்கும் கடமை முழுவதும் சொந்தமாகிறது. இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022ல் தொடங்கிய சைபர் எசென்ஷியல்ஸ் முத்திரைக்கான கேள்வித்தாள் இதற்கு நல்ல சரிபார்ப்பு. முத்திரை வாங்காவிட்டாலும் அதிலுள்ள மென்பொருள் பட்டியல், மேம்படுத்தல், காப்பு நகல் பற்றிய கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதிப் பாருங்கள்.

உரிமத்தைப் படிக்கும் வேலை

இலவசமாக இறங்குவதெல்லாம் திறந்த மூலம் என்ற எண்ணம் பலரைச் சிக்கவைத்திருக்கிறது. நிரலாளர்கள் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் 250 பேருக்கு மேல் உள்ள அல்லது ஆண்டு வருவாய் ஒரு கோடி அமெரிக்க டாலரைத் தாண்டும் நிறுவனங்களுக்குக் கட்டணச் சேவை. ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூலம், அதனோடு சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பேக் வேறு உரிமத்தில் வருகிறது, அலுவலகத்தில் பயன்படுத்தக் காசு. இறக்கும்போது யாரும் தடுப்பதில்லை. பின்னர் ஒருநாள் கடிதம் வரும்.

ஜிபிஎல் உரிமத்தில் வந்ததைத் திருத்தினால் நிரலை வெளியிட வேண்டும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் திருத்திய நிரலை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. வெளியே கொடுக்கும்போதுதான் கடமை வருகிறது. துவாஸில் கப்பலுக்குக் கண்காணிப்புப் பெட்டி செய்து தரும் நிறுவனம் அதற்குள் லினக்ஸ் வைத்தால் அது விநியோகம். மூல நிரலைக் கூடவே தர வேண்டும், அல்லது குறைந்தது மூன்று ஆண்டு செல்லுபடியாகும் எழுத்து உறுதி தர வேண்டும். ஏஜிபிஎல் இன்னும் கடுமை. திருத்திய நிரலை இணையம் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் அதன் மூல நிரல் பெறும் உரிமை உண்டு. பில்லைப் பிடிஎஃப் ஆக்குவதற்காக நிரலாளர் ஒரே வரியில் சேர்க்கும் ஐடெக்ஸ்ட் நூலகம் ஏஜிபிஎல்தான். வாடிக்கையாளர் இணையத்தளத்தில் அதைச் சேர்த்தால் தளத்தின் நிரலைத் திறக்க வேண்டும் அல்லது வணிக உரிமம் வாங்க வேண்டும். ஒப்பந்தத்திலும் ஒரு பொறி இருக்கிறது: ‘இந்தத் திட்டத்தில் உருவாகும் அனைத்து அறிவுசார் சொத்தும் வாடிக்கையாளருக்கே’ என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே பாதி திறந்த மூல நிரலை வைத்தால், உங்களுக்குச் சொந்தமில்லாததை எழுதிக் கொடுத்ததாகிவிடும். அந்த வரிக்குக் கீழே திறந்த மூலப் பகுதிகளுக்கு விலக்குக் கேட்டு வாங்குங்கள்.

உரிமமே நடுவழியில் மாறுவதும் உண்டு. மோங்கோடிபி 2018லும், எலாஸ்டிக்சர்ச் 2021லும், டெராஃபார்ம் 2023லும், ரெடிஸ் 2024லும் மாறின. டெராஃபார்முக்கு ஓப்பன்டோஃபு, ரெடிஸுக்கு வால்க்கி எனக் கிளைகள் பிறந்தன. ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கும் திட்டங்களில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் போலப் பலர் கையில் பரவிக் கிடக்கும் திட்டத்தை ஒருவர் நினைத்து மாற்ற முடியாது. தேர்வுக்கான கேள்விகளில் இதை முதல் மூன்றுக்குள் வைக்க வேண்டும்.

மானியம் எந்தப் பக்கம் சாய்க்கிறது

சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான உற்பத்தித்திறன் தீர்வு மானியம் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட தீர்வுகளுக்கு 50 விழுக்காடு வரை திருப்பித் தருகிறது. இலவசமாக இறக்கி, சொந்த ஊழியரைக் கொண்டு நிறுவினால் பில் இல்லை, பில் இல்லாததற்கு மானியமும் இல்லை. 12,000 வெள்ளித் தீர்வு மானியத்துக்குப் பின் 6,000 ஆகும்போது, ‘இலவச’ வழியில் 9,000 வெள்ளி ஊழியர் நேரம் போனால் அதுவே விலை அதிகம். மானியம் முதல் செலவுக்குத்தான், மூன்றாம் ஆண்டுச் சந்தாவுக்கு அல்ல என்பதையும் அதே தாளில் எழுதி ஐந்து ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். பல நேரம் விடை மறுபடியும் புரளும்.

எதை முதலில் மாற்றுவது

பிரெஞ்சு ஜான்டார்மரி காவல் படை முதலில் ஓப்பன்ஆஃபிஸுக்கும், 2006ல் ஃபயர்ஃபாக்ஸுக்கும் தண்டர்பேர்டுக்கும் மாறி, 2008ல்தான் லினக்ஸ் தளமான உபுண்டுவைத் தொட்டது. பழகிய நிரல்கள் அப்படியே இருக்க, அடியில் உள்ள தளம் மட்டும் மாறியதால் ஊழியர்களுக்கு அதிர்ச்சி குறைவு. பல்லாயிரம் கணினிகளில் அது நிலைத்தது. 2003ல் லினக்ஸ் முடிவெடுத்த மியூனிக் நகராட்சி 2017ல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. அங்கே அரசியலும் இருந்தது, பிரிந்து கிடந்த ஐடி நிர்வாகமும் இருந்தது.

சிங்கப்பூரின் சிறு நிறுவனத்துக்கு வரிசை இதைவிட எளிது. ஊழியர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்குங்கள்: சர்வர், தரவுத்தளம், காப்பு நகல். அங்கே முகம் சுளிக்க யாருமில்லை. அடுத்து உலாவியும் பிடிஎஃப் கருவிகளும். அலுவலகத் தொகுப்பை ஒரு பிரிவுக்கு மட்டும் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள், அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு காலாண்டு வரித்தாக்கல் வந்து போகட்டும். மேசைக் கணினித் தளம் கடைசி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததால் பழைய கணினிகளுக்கு நேரே லினக்ஸ் போடும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. பிரின்டர், லேபிள் அச்சு, கைரேகை வருகைப் பதிவுக் கருவி மூன்றுக்கும் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதில் இறங்க வேண்டும்.

இத்தனையையும் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்கிறார் என்று வைப்போம். அவருக்கு இரண்டு வாரம் தேசிய சேவையின் ரிசர்விஸ்ட் பயிற்சி வரும், அல்லது அவருடைய வேலை அனுமதி முடியும். அதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை, அவர் எழுதிவைத்த குறிப்பை மட்டும் இன்னோர் ஊழியர் கையில் கொடுத்து, காலியான ஒரு கணினியில் நேற்றைய பேக்கப்பிலிருந்து கணக்குத் தரவுத்தளத்தை மீட்கச் சொல்லுங்கள். எழுதியவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. கடவுச்சொல் எந்தப் பெட்டகத்தில் என்று எழுதவில்லை, தரவுத்தளப் பதிப்பு பொருந்தவில்லை, பேக்கப் அதே வட்டில்தான் கிடந்தது என ஒவ்வொன்றாக வெளியே வரும். மற்றவர் தடுக்கி நின்ற ஒவ்வோர் இடத்திலும் குறிப்பில் ஒரு வரி சேர்த்து, மூன்று மாதம் கழித்து வேறோர் ஆளை வைத்து மறுபடி செய்யுங்கள்.